மூடி பாதி: வகுப்பறைக் கணினிக்கு விதி எழுதுவது எப்படி?

(திரையில்: சுவரில் ஒட்டிய நீண்ட விதிப் பட்டியல்)

"கணினியைப் பொறுப்பாகப் பயன்படுத்தவும்." இந்த வரியைப் படிக்கிற மாணவருக்கு என்ன செய்யணும் என்று புரியாது. மீறினாரா இல்லையா என்று ஆசிரியராலும் சொல்ல முடியாது. நீங்கள் நிற்கிற இடத்திலிருந்தே கண்ணில் படுகிற செயலாக விதியை எழுதுங்கள். நாலைந்து போதும்.

அதில் தலையாயது: "ஆசிரியர் பேசும்போது மூடி பாதி."

(நெருக்கத்தில்: ஒரு கை லேப்டாப் மூடியைச் சாய்க்கிறது; திரை விளிம்புக்கும் கீபோர்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி)

ஏன் முழுசாக மூடக்கூடாது? பெரும்பாலான லேப்டாப்கள் மூடியதுமே ஸ்லீப்புக்குப் போய்விடும். திறந்தால் பாஸ்வேர்டு கேட்கும், வைஃபை மறுபடி இணையணும். முப்பது பேருக்கு ஒரே நேரத்தில் இது நடந்தால் பாடம் அங்கேயே நின்றுவிடும். பாதி சாய்த்தால் கவனம் உங்கள் பக்கம் வரும், செய்த வேலையும் அப்படியே இருக்கும்.

டெஸ்க்டாப்பாக இருந்தால் மானிட்டரை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் சிலர் சிபியு பட்டனை அழுத்திவிடுவார்கள்; சேமிக்காத வேலை போய்விடலாம். மானிட்டர் பட்டன் பக்கத்தில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் கை தானாக அங்கே போகும்.

அடுத்து, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு எண், ஒவ்வொரு மாணவருக்கும் நிரந்தரமாக ஒரு கணினி. உட்கார்ந்ததும் முதல் 2 நிமிடம் கீபோர்டு, மவுஸ், கேபிள் மூன்றையும் பார்த்து, குறை இருந்தால் தாளில் எழுதணும். இது இல்லாத வகுப்பில், கழன்று போன விசைக்குக் கடைசியாக உட்கார்ந்தவர்தான் திட்டு வாங்குவார். அது அநியாயம்.

தண்ணீர் பாட்டில் தரையில்தான். கொட்டிவிட்டால் துடைக்கத்தான் பிள்ளைகளுக்குக் கை போகும். கையை எடுத்துவிட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்தணும், துடைப்பதெல்லாம் பிறகு.

பக்கத்தில் இருப்பவருக்கு உதவலாம், ஆனால் வாயால் மட்டும். மவுஸைத் தொட்டால் வேலை முடியும். கேட்டவர் ஒன்றும் கற்றிருக்க மாட்டார்.

எழுந்திருக்கும்முன் லாக்-அவுட். பிரவுசர் ஜன்னலை மூடினாலே வெளியே வந்தாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை; அடுத்து உட்காருபவர் திறந்தால் அதே மெயில் பெட்டி திறக்கும்.

(திரையில்: அறையின் பின்பக்கத்திலிருந்து தெரிகிற மானிட்டர் வரிசைகள்)

மாணவர்கள் வேலை செய்யும்போது அறையின் பின்பக்கம் நில்லுங்கள். முன்னால் நின்றால் உங்களுக்கு முகம்தான் தெரியும், திரை தெரியாது.

மீறினால்? முதல் முறை 5 நிமிடம் மூடி பாதி. திரும்பவும் என்றால் அன்றைய பயிற்சியைத் தாளில் செய்யணும். அந்தத் தாளை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். ஒரு வாரம் கணினியைத் தொடக்கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள். போவது அந்தப் பிள்ளையின் பாடம்.

முதல் வகுப்பிலேயே ஒத்திகை பாருங்கள். "மூடி பாதி" என்று சொல்லி, கடைசி மூடி சாயும்வரை விநாடிகளை எண்ணுங்கள். 5 விநாடிக்குள் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். பாடத்தை அதன் பிறகு ஆரம்பிக்கலாம்.