புது டயர் பின்சக்கரத்துக்கே

நேயர்களுக்கு வணக்கம்.

என் பட்டறைக்கு வருகிறவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. முன்சக்கரங்களில் ஒரு கம்பெனி டயரும் பின்சக்கரங்களில் இன்னொரு கம்பெனி டயரும் போட்டு ஓட்டலாமா? நியாயமான கேள்விதான். நான்கு டயரையும் ஒரே நாளில் மாற்றுவது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. இரண்டை மாற்றலாம் என்று போனால், காரோடு வந்த அதே ரகம் கடையில் இருப்பதில்லை.

ஓட்டலாம். ஆனால் ஒரே அச்சில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று கலக்கவே கூடாது. அப்படிக் கலந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மழையில் அந்த இழுப்பு இன்னும் மோசமாகும். இது பலருக்கும் தெரியும். தெரியாத விஷயம், வாங்கிய புது ஜோடியை எங்கே மாட்டுவது என்பது. பின்னால்தான் மாட்ட வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் முன்னால் மாட்டிவிடுகிறார்கள்.

ஏன் அப்படி நடக்கிறது என்பதும் புரிகிறது. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. எஞ்சினின் பாரம், ஸ்டீயரிங் திருப்பம், பிரேக்கின் பெரும்பங்கு எல்லாம் முன்பக்க டயர்கள் தலையில்தான் விழுகின்றன. அவைதான் முதலில் தேய்கின்றன. தேய்ந்ததைக் கழற்றிய இடத்திலேயே புதியதை மாட்டுவது டயர் கடைக்காரருக்கு இயல்பாகத் தோன்றுகிறது. பின்சக்கரங்களையும் கழற்றி முன்னுக்குக் கொண்டுவருவது அவருக்குக் கூடுதல் வேலை. வண்டிக்காரருக்கும் ஸ்டீயரிங் பிடியில் புது டயரின் உறுதி தெரிவதால் மனம் நிறைந்துவிடுகிறது.

ஆபத்து அந்த நிறைவில்தான் இருக்கிறது. ஈரமான வளைவில் முன்சக்கரங்கள் பிடிப்பை இழந்தால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். ஸ்டீயரிங் லேசாகிவிடும். யாராக இருந்தாலும் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்போம். எடுத்ததும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்ந்து, பிடிப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்தால் கதை வேறு. வண்டியின் பின்பகுதி வெளிப்பக்கமாக வீசும். அதே பயத்தில் காலை எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ பின்சக்கரங்களின் மேல் இருக்கும் எடை இன்னும் குறைகிறது, சறுக்கல் கூடுகிறது. அந்தக் கணத்தில் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் சரியான அளவுக்குத் திருப்பினால்தான் வண்டியை மீட்க முடியும். அது பயிற்சி பெற்ற ஓட்டுநர்களின் வேலை. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகும் ஒருவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

மழைநீர் தேங்கிய சாலையில் இது இன்னும் கடுமை. 1963இல் நாசா ஆய்வாளர்கள், விமானச் சக்கரங்கள் ஓடுபாதைத் தண்ணீரின் மேல் எப்போது மிதக்கத் தொடங்குகின்றன என்று ஆராய்ந்து, அந்த வேகத்துக்கும் டயரின் காற்றழுத்தத்துக்கும் உள்ள உறவைச் சூத்திரமாக வெளியிட்டார்கள். தண்ணீர் வெளியேற வழியில்லாத நிலையில், 33 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் அந்தக் கணக்கின்படி மணிக்கு ஏறத்தாழ 95 கிலோமீட்டரில் மிதக்கும். காற்று 25க்கு இறங்கினால் 83 கிலோமீட்டரிலேயே மிதக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஐப்பசி மழையிலும் இந்த வேகத்தில் போகிறவர்களைப் பார்க்கிறேன். டயரின் பள்ளங்கள்தான் அந்தத் தண்ணீருக்கு வழி. புது டயரில் அந்தப் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். முன்னால் புதியதும் பின்னால் தேய்ந்ததும் இருந்தால், முன்சக்கரங்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நிம்மதியாகப் போகும். ஸ்டீயரிங்கில் எந்த எச்சரிக்கையும் வராது. பின்பக்கம் மட்டும் மிதக்கும்.

இதற்காக முன்னால் மொட்டை டயரோடு ஓட்டலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே அந்த டயர் கழிக்க வேண்டியது. பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் தெரியும். தேய்மானம் அவற்றைத் தொட்டுவிட்டால் காலம் முடிந்தது. நான்கும் அந்த நிலைக்கு வந்துவிட்டால் நான்கையும் மாற்றத்தான் வேண்டும். மழைக்காலம் நெருங்கினால் அதற்கு முன்பே மாற்றுங்கள்.

கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். அளவு ஒன்றாக இருந்தாலும் இரண்டு கம்பெனி டயர்கள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஒருவர் நீண்ட உழைப்புக்காகக் கெட்டியான ரப்பர் கலவையைத் தேர்ந்தெடுப்பார். இன்னொருவர் ஈரச்சாலைப் பிடிப்புக்காக ரப்பரில் கலக்கும் சிலிகா என்ற துகளைக் கூட்டுவார். பக்கச்சுவரின் விறைப்பும் வேறுபடும். ஆகவே இரண்டு ஜோடியுமே புதியவை என்றாலும், பிடிப்பு அதிகமுள்ள ஜோடி பின்னால் போக வேண்டும்.

இந்த விதிக்கு ஒரு பழைய சாட்சி உண்டு. உள்ளிருக்கும் இழைகள் ஓட்டத் திசைக்குச் செங்குத்தாக ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போகும் ரேடியல் டயருக்கு பிரான்ஸின் மிஷெலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்றது. நம் திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய்கண்டிகையில் ஆலை வைத்திருப்பதும் அதே நிறுவனம்தான். இழைகள் சாய்வாக ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் பழைய குறுக்கிழை டயர்களும் புதிய ரேடியல்களும் ஒன்றாகப் புழங்கிய காலத்தில் பிரிட்டன் சட்டமே போட்டது: காரின் முன்னால் ரேடியல், பின்னால் குறுக்கிழை என்று மாட்டக் கூடாது. முன்னால் குறுக்கிழை, பின்னால் ரேடியல் என்றால் அனுமதி உண்டு. வளைவில் ரேடியலுக்குப் பிடிப்பு அதிகம் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

கடையில் டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள். 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால், 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதையும், எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதையும் குறிக்கும். கம்பெனி மாறலாம், காருக்குச் சொல்லப்பட்ட அளவு மாறக் கூடாது, தாங்கும் எடையும் வேகமும் காருக்குச் சொல்லப்பட்டதற்குக் கீழே இறங்கக் கூடாது. DOT என்ற ஆங்கில எழுத்துக்களோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பழைய இருப்பைத் தலையில் கட்டினால் மறுத்துவிடுங்கள்.

நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. ஒரே அளவு என்று அச்சிட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி சுற்றளவு சில மில்லிமீட்டர் மாறும். முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழன்றால் நடுவில் இருக்கும் இணைப்புப் பகுதி சூடாகிப் பழுதாகும். அதைச் சரிசெய்யும் செலவில் டயர்களையே வாங்கிவிடலாம். அவர்கள் நான்கையும் ஒன்றாகவே மாற்றட்டும்.

மற்றவர்கள் இரண்டிரண்டாக மாற்றும்போது இந்த வரிசையைப் பின்பற்றுங்கள். புது ஜோடி பின்னால் போகட்டும். பின்னால் இருந்தது முன்னுக்கு வரட்டும். முன்னால் வந்தது தேய்ந்து முடிந்ததும் அதைக் கழித்துவிட்டு, மறுபடி புது ஜோடியைப் பின்னால் மாட்டுங்கள். மாட்டியதும் பேலன்சிங்கும் வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள். புது ரப்பரின் மேல், ஆலையில் வார்ப்பு அச்சிலிருந்து டயரை எடுக்கப் பூசிய வழுக்கும் படலம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அது தேயும் வரை, முதல் சில நூறு கிலோமீட்டருக்கு, வளைவுகளில் வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.