மாத்திரை போட்டும் ரத்தம் ஏறலன்னா

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடி, குடியாத்தம், ஆற்காடுன்னு எங்கெங்கிருந்தோ புள்ளைங்கள கூட்டிக்கினு வந்திருக்கீங்க, நேரா விஷயத்துக்கே வரேன். டவுன் சிண்ட்ரோம் இருக்கற நம்ம புள்ளைக்கு ரத்தம் கம்மின்னு இரும்புச் சத்து டானிக் எழுதறாங்க, மாசக்கணக்கா குடுக்கறோம், திரும்ப டெஸ்ட் பண்ணா ஹீமோகுளோபின் அங்கயே நிக்குது. உடனே சுத்தி இருக்கறவங்க "இந்த மாதிரி புள்ளைங்க சோர்வாத்தான் இருக்கும்"னு சொல்லிடறாங்க. இத நான் ஒத்துக்கவே மாட்டேன். சோர்வுக்கு ஒரு காரணம் இருக்கும், தேடணும்.

அப்படி தேட வேண்டியதுல ஒண்ணு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரைங்கற தானியம் இதுல இருக்கற குளூட்டன்ங்கற புரதம் உள்ள போனா சில பேருக்கு உடம்போட எதிர்ப்பு சக்தியே சிறுகுடல தாக்குது. குடலுக்குள்ள டர்க்கி டவல் மாதிரி பொடிப்பொடியா நீட்டிக்கினு இருக்குமே, சத்த உறிஞ்சறது அதுதான், அது தேஞ்சு மழமழன்னு ஆயிடுது. இரும்புச் சத்த உறிஞ்சற இடம் சிறுகுடலோட ஆரம்பம், அடி விழறதும் அங்கதான், அப்புறம் எத்தன பாட்டில் டானிக் ஊத்தி என்ன? பொதுவா 100 பேர்ல ஒருத்தருக்கு வர்ற நோய், டவுன் சிண்ட்ரோம்ல 100க்கு 5லருந்து 10 பேர் வரைக்கும் இருக்கலாம். பேதி ஆகணும்னு கூட இல்ல, மலச்சிக்கல், வயிறு உப்புசம், எடை ஏறாதது, சும்மா சும்மா கோவம்... வயிறு வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத புள்ள வேற எப்படித்தான் சொல்லும்?

ரிப்போர்ட்டயும் கவனிங்க. இரும்பு கம்மியானா ரத்த சிவப்பணு சின்னதாயிடும், ஆனா நம்ம புள்ளைங்களுக்கு அது இயல்பாவே கொஞ்சம் பெருசு, அதனால ரிப்போர்ட்ல எம்சிவி, அதாவது சிவப்பணுவோட சராசரி அளவு, நார்மல்னு காட்டி குறைய மறைச்சுடும். உடம்புல இரும்பு எவ்ளோ சேமிப்புல இருக்குன்னு காட்டற ஃபெரிட்டினும் பாக்கணும்னு டாக்டர்கிட்ட கேளுங்க. சீலியாக்குக்கு டிடிஜி ஐஜிஏ, அதாவது இந்த நோய்ல உண்டாகற எதிர்ப்பொருள தேடற டெஸ்ட், கூடவே மொத்த ஐஜிஏ, அதாவது அந்த வகை எதிர்ப்பொருள் உடம்புல மொத்தம் எவ்ளோன்னு பாக்கறது, ரெண்டும் ரத்த டெஸ்ட்தான். அதுல சந்தேகம் வந்தா எண்டோஸ்கோபி பண்ணி, அதாவது வாய் வழியா கேமரா குழாய விட்டு, குடல்ல துளி சதை எடுத்துப் பாப்பாங்க. டெஸ்ட் முடியற வரைக்கும் கோதுமைய நிறுத்திடாதீங்க, நிறுத்திட்டுப் போனா நோய் இருந்தும் இல்லன்னு வந்துடும்.

நாமதான் அரிசி சாப்பிடறவங்களாச்சேன்னு ஒரு அம்மா கேட்டாங்க. ராத்திரி சப்பாத்தி, காலைல ரவா உப்புமா, சாயங்காலம் பிஸ்கட், டம்ளர் ஹார்லிக்ஸ், நடுவுல பரோட்டா, இதெல்லாம் கோதுமையும் பார்லியும் தானே! ஆற்காடு மக்கன் பேடாவுல கூட மைதா இருக்கு. ஆனா நோய் உறுதியாயிடுச்சுன்னா பயப்படாதீங்க, வடக்கத்திக்காரங்கள விட நமக்கு லேசு, இட்லி, தோசை, கேவுரு களி, கம்பங்கூழ் எல்லாம் குடுக்கலாம். நிறைய பேருக்குத் தெரியாதது கூட்டுப் பெருங்காயம், அதுல மைதா கலப்பாங்க, பாக்கெட்ட திருப்பிப் படிங்க. மாவு மெஷின்ல முன்னாடி கோதுமை அரைச்சிருந்தா உங்க கேவுரு மாவுலயும் அது ஒட்டிக்கினு வந்துடும், முடிஞ்சா வீட்டு மிக்ஸிலயே அரைச்சுக்கோங்க. இந்தப் பத்தியம் ஆயுசுக்கும்தான், குடல் தேற மாசக்கணக்காகும், ஆனா தேறினப்புறம் அதே இரும்பு மாத்திரை உடம்புல சேரும்.

ஒரு புள்ளைக்கு இருக்குன்னு தெரிஞ்சா அப்பா அம்மாவும் கூடப் பொறந்ததுங்களும் டெஸ்ட் பண்ணிக்கோங்க, ரத்த சொந்தத்துக்கும் வர வாய்ப்பு ஜாஸ்தி. இப்போ ரிப்போர்ட் கொண்டாந்தவங்க முன்னாடி வாங்க, டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்னு சேர்ந்து எழுதிக்கலாம்.