இணைய வேகம் இருந்தும் அழைப்பு ஏன் திணறுகிறது?

[திரையில்: கறுப்புப் பின்னணியில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடுகின்றன – 18, 17, 19, 18]

வணக்கம். திரையில் ஓடுகிற இந்த எண்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். என் மடிக்கணினி விநாடிக்கு ஒரு தடவை, வெளியில் இருக்கும் ஒரு சர்வரை "இருக்கிறாயா?" என்று கேட்கிறது. "இருக்கிறேன்" என்று பதில் வந்து சேர எத்தனை மில்லி விநாடி ஆனது என்பதுதான் ஒவ்வொரு எண்ணும். இதற்குப் பிங் என்று பெயர். வீட்டில் வேறு யாரும் இணையத்தைத் தொடாத நேரம் இது. கேள்வி போய்ப் பதில் வர 18 மில்லி விநாடிதான் ஆகிறது.

இப்போது என் கைப்பேசியிலிருந்து, போன வாரம் வளைகாப்பில் எடுத்த மூன்று வீடியோக்களை இணையச் சேமிப்பகத்துக்கு ஏற்றுகிறேன். எண்களைக் கவனியுங்கள்.

[திரையில்: 64 … 310 … 720 … 1,140]

ஒரு விநாடியைத் தாண்டிவிட்டது. அறுபது மடங்குக்கும் மேல். கம்பி அறுபடவில்லை, சிக்னல் குறையவில்லை, மாதக் கட்டணமும் பாக்கியில்லை.

இந்த நேரத்தில்தான் அடுத்த அறையில் என் மகள் இணைய வகுப்பில் சந்தேகம் கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்டு முடித்துவிட்டு, பதில் வரவில்லையே என்று மறுபடி தொடங்குவாள். அப்போது பார்த்து ஆசிரியரின் பதில் வந்து மோதும். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டு, மற்றவர் பேசட்டும் என்று காத்திருப்பார்கள். இதைப் பார்த்து நான் செய்தது, பலரும் செய்வதுதான்: கூடுதல் வேகமுள்ள திட்டத்துக்கு மாறினேன். பதிவிறக்க வேகம் 50 மெகாபிட்டிலிருந்து 100 ஆனது. வகுப்பு முன்போலவே திணறியது. காரணம் தெரியாமல் ஒரு பருவம் முழுக்க அவள் பாதிப் பாடத்தைக் கேட்டாளே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதற்காகவே இந்த வீடியோவைச் செய்கிறேன்.

[காட்சி: மாவு மில் வாசல். தரையில் டின்களும் தூக்குகளும் வரிசையாக]

எங்கள் தெருமுனை மாவு மில்லில் ஒரே ஓர் இயந்திரம். காலையிலேயே டின்னை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இயந்திரம் அரைக்கும் வேகம் என்றைக்கும் ஒன்றுதான். மில்காரர் வாசலை அகலப்படுத்தி, இன்னும் நூறு டின்களுக்கு இடம் செய்துகொடுத்தால் என்ன ஆகும்? யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம், உண்மைதான். ஆனால் அரைபடும் மாவு ஒரு படிகூடக் கூடாது. காத்திருக்கும் நேரம் மட்டும் நீளும். கால் கிலோ மல்லியோடு வந்த பாட்டி, இருபது கிலோ கோதுமை டின்னுக்குப் பின்னால் நிற்க வேண்டிவரும்.

உங்கள் வீட்டு ரூட்டருக்குள்ளும் அப்படி ஒரு வாசல் உண்டு. அதன் பெயர் பஃபர். இணையத்தில் எதை அனுப்பினாலும் அது பாக்கெட் பாக்கெட்டாகத்தான் போகிறது. ஒரு பாக்கெட் ஏறத்தாழ 1,500 பைட், அதாவது 12,000 பிட். என் இணைப்பில் பதிவேற்றும் வேகம் விநாடிக்கு 10 மெகாபிட்தான், அதாவது ஒரு கோடி பிட். அப்படியானால் ஒரு பாக்கெட் வெளியேற 1.2 மில்லி விநாடி ஆகும். பஃபரில் 1,000 பாக்கெட்டுக்கு இடம் இருந்து, அது நிரம்பியும் இருந்தால், கடைசியில் சேரும் பாக்கெட் 1,000 பெருக்கல் 1.2, அதாவது 1.2 விநாடி காத்திருக்கும். திரையில் பார்த்த 1,140 எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிந்துவிட்டது. என் மகளின் குரல் வெறும் கால் கிலோ மல்லி. அதை வளைகாப்பு வீடியோவின் ஆயிரம் டின்களுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தேன்.

குரல் உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. நம் வாசல் ஒன்றிலேயே அதைப்போல எட்டு மடங்கு போய்விடுகிறது.

அப்படியானால் வரிசை நிரம்பும்வரை கைப்பேசி ஏன் கொட்டிக்கொண்டே இருக்கிறது? கொஞ்சம் பொறுத்து அனுப்பக் கூடாதா? இதற்கு 1986க்குப் போக வேண்டும்.

[திரையில்: பெர்க்லி மலைச்சரிவின் கோட்டோவியம். இரண்டு கட்டடங்கள், நடுவில் ஒரு கோடு]

அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே சுமார் 400 கஜ தூரம். நடந்தே போய்விடலாம். 1986 அக்டோபரில் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் தரவு செல்லும் வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. ஐந்து எழுத்துகளை அனுப்ப ஒரு விநாடி. ஒவ்வொரு கணினியும், பதில் வரவில்லை என்றதும் அனுப்பியதையே திரும்ப அனுப்பியது. நெரிசல் கூடியது. பதில் இன்னும் தாமதமானது. எல்லாக் கணினிகளும் இன்னும் அதிகமாக அனுப்பின. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஒவ்வொருவரும் தன் வேலையை முடிக்கப் பார்த்தார்கள், மொத்த வழியும் அடைத்துக்கொண்டது.

ஆய்வகத்தில் இருந்த வான் ஜேகப்சன், மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து இதற்கு மருந்து கண்டார். 1988இல் வெளியான அவர் கட்டுரையின் சாரம் எளிமையானது. மெதுவாகத் தொடங்கு, பதில் வர வர வேகத்தைக் கூட்டு, ஒரு பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று புரிந்துகொண்டு உடனே குறை. உலகமெங்கும் கணினிகள் ஒன்றையொன்று அறியாமலே வழிவிட்டுக்கொள்ளக் கற்றது இதனால்தான். மேலிருந்து யாரும் கட்டளையிடவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

ஆனால் அந்த மருந்து ஒரு விஷயத்தை நம்பியிருக்கிறது: நெரிசல் வந்தால் பாக்கெட் தொலைய வேண்டும். "இன்றைக்கு இனி முடியாது" என்று மில்காரர் ஒரு டின்னைத் திருப்பி அனுப்பினால்தான், வீட்டில் இருப்பவர்கள் அடுத்த டின்னைக் கிளப்பாமல் நிறுத்துவார்கள். பிறகு நினைவகச் சில்லுகளின் விலை சரிந்தது. பாக்கெட் தொலைவது குறை என்று எண்ணி, ரூட்டரிலும், அதை வெளிக்கம்பியோடு இணைக்கும் மோடத்திலும் தாராளமாக இடம் கொடுத்தார்கள். வாசல் பெரிதாகிவிட்டதால் முடியாது என்று சொல்ல ஆளில்லை. கைப்பேசிக்கு நெரிசல் நடக்கும் செய்தி மிகத் தாமதமாகத்தான் போய்ச் சேருகிறது.

2010இல் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜிம் கெட்டிஸ், தன் வீட்டிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்தபோது பிங் ஒரு விநாடியைத் தாண்டுவதைக் கண்டார். நாம் இப்போது திரையில் பார்த்ததேதான். இந்த நோய்க்கு அவர் வைத்த பெயர் பஃபர்ப்ளோட். பஃபர் உப்பசம் என்று சொல்லலாம்.

[திரையில்: டின்களின் மேல் சாக்பீஸால் எழுதிய நேரங்கள் – 9:05, 9:10, 9:40]

இதற்கு வந்த தீர்வை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது அழகானது. முன்பெல்லாம் வரிசையின் நீளத்தை அளந்தார்கள். எத்தனை டின் சேர்ந்தால் அதிகம்? வேகமான இயந்திரத்துக்கு நூறு டின்னும் சாதாரணம், மெதுவான இயந்திரத்துக்குப் பத்தே அதிகம். ஒரே எண் எல்லா இடத்துக்கும் பொருந்தவில்லை. 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் அதே வான் ஜேகப்சனும் எண்ணிக்கையை விட்டுவிட்டு நேரத்தைப் பார்த்தார்கள். டின் வந்த நேரத்தை அதன் மேலேயே எழுதிவிடு, எடுக்கும்போது எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார். 100 மில்லி விநாடி முழுக்க, காத்திருப்பு ஒருமுறைகூட 5 மில்லி விநாடிக்குக் கீழே இறங்கவில்லை என்றால் ஒரு பாக்கெட்டை வேண்டுமென்றே தொலைத்துவிடு. திடீரென்று கூட்டம் வந்து கலைவது தப்பில்லை. கலையாமல் நின்றுவிடும் கூட்டம்தான் நோய். இந்த முறையின் பெயர் கோடெல்.

அதன்மேல் இன்னொன்றைச் சேர்த்தார்கள். எல்லா டின்களையும் ஒரே வரிசையில் வைக்காமல், ஒவ்வோர் உரையாடலுக்கும் தனி வரிசை கொடுத்து, முறை வைத்து எடுப்பது. அப்போதைக்கப்போது ஓரிரு பாக்கெட் மட்டும் அனுப்பும் குரல் அழைப்புக்கு முதலிடம் கிடைக்கும். எங்கள் மில்காரர் இதை எப்போதோ செய்துகொண்டிருக்கிறார். "அந்தச் சின்னத் தூக்கை முதலில் கொடும்மா" என்று கையை நீட்டுவார். கோதுமைக்காரருக்கு அதனால் ஒரு நிமிடம் போகும், பாட்டிக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும். இந்தக் கூட்டு முறைக்கு எஃப்க்யூ கோடெல் என்று பெயர். பல ரூட்டர்களுக்குள் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தில் 2012லேயே சேர்ந்துவிட்டது. அதன் வழியில் வந்த கேக் என்ற முறை 2018இல் சேர்ந்தது.

"வேகமான திட்டம் வாங்கினால் பயனே இல்லையா?" என்று கேட்பீர்கள். ஓரளவு உண்டு. பதிவேற்றும் வேகம் 100 மெகாபிட் ஆனால் அதே 1,000 பாக்கெட் 0.12 விநாடியில் வெளியேறிவிடும். ஆனால் வரிசை எப்போதும் வழியின் மிகக் குறுகிய இடத்தில்தான் சேரும். கம்பி அகலமானால் குறுகிய இடம் வீட்டுக்குள் நகர்ந்துவிடும். வைஃபைக்கு.

[திரையில்: வீட்டின் வரைபடம். கூடத்தில் ரூட்டர், கடைசி அறையில் பழைய கைப்பேசி]

வைஃபை அலைகள் போவது காற்றில். ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ரூட்டர் அருகில் ஒரு கணினி, மூன்று சுவர் தாண்டி ஒரு கைப்பேசி. தூரத்தில் இருப்பது தவறில்லாமல் பேச வேண்டுமென்றால் மெதுவாகப் பேச வேண்டும். 2003இல் பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் இதன் விளைவைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அன்றைய வைஃபையில் அருகில் இருப்பவருக்கு 11 மெகாபிட், தூரத்தில் இருப்பவருக்கு 1 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பாக்கெட் என்று முறை வைத்தால், முதலாமவருக்கு 1.1 மில்லி விநாடி, இரண்டாமவருக்கு 12 மில்லி விநாடி. ஒரு சுற்றுக்கு 13.1. அதில் ஆளுக்கு 12,000 பிட் என்றால், இருவருக்குமே கிடைப்பது 1 மெகாபிட்டுக்கும் குறைவு. அருகில் உட்கார்ந்திருந்தும் பயனில்லை.

பாக்கெட்டைச் சமமாகப் பங்கிடாமல் காற்றில் பேசும் நேரத்தைச் சமமாகப் பங்கிட்டால் இது தீரும். ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோக்கே ஹொய்லண்ட்-யோர்கன்சனும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் லினக்ஸ் வைஃபையில் இதைச் செய்து காட்டினார்கள்.

இனி நம் வீட்டு வேலை. நகராமல் ஓரிடத்தில் இருக்கும் தொலைக்காட்சிக்கும் மேசைக் கணினிக்கும் கம்பி போடுங்கள். காற்றில் அத்தனை நேரம் மிச்சமாகும். ரூட்டரை மூலை அலமாரியிலிருந்து எடுத்து வீட்டின் நடுவில் உயரமாக வையுங்கள். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருந்தால், ரூட்டர் அமைப்பில் 1, 6, 11 ஆகிய சானல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அருகில் இருக்கும் சாதனங்களை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

முக்கியமான வேலை ரூட்டர் அமைப்பில் இருக்கிறது. ஸ்மார்ட் க்யூ என்றோ எஸ்க்யூஎம் என்றோ, வரிசையை நிர்வகிக்கும் ஒரு பகுதி இருக்கிறதா என்று தேடுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் போடக்கூடிய ரூட்டர்களில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். அதில் கேக் அல்லது எஃப்க்யூ கோடெலைத் தேர்ந்தெடுத்து, உங்கள் உண்மையான பதிவேற்ற வேகத்தில் 90 சதவீதத்தை எழுதுங்கள். ஏன் முழு வேகம் கூடாது? முழு வேகத்தில் அனுப்பினால் வரிசை மோடத்துக்குள் சேர்ந்துவிடும், அங்கே நம் கை எட்டாது. சற்றுக் குறைத்தால் வரிசை நம் ரூட்டரிலேயே நிற்கும். யாரை முன்னே விடுவது என்பதை நாம் முடிவு செய்யலாம். பழைய ரூட்டர்களின் செயலி மிக வேகமான இணைப்பில் இந்த வேலையைத் தாங்காது. அதைச் சோதித்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: மறுபடி கறுப்புப் பின்னணி, எண்கள்]

9 மெகாபிட் என்று எழுதிச் சேமித்துவிட்டேன். அதே மூன்று வீடியோக்களை மறுபடி ஏற்றுகிறேன். முன்பு 20 நிமிடம் ஆன வேலைக்கு இப்போது 22 நிமிடம் ஆகும்.

19. 23. 21. 24. 20.

[ஒலி: அடுத்த அறையிலிருந்து மகளின் குரல், இடைவெளியில்லாமல் ஆசிரியரின் பதில்]