பெயரை மாற்றும்போது எங்கே உடைகிறது?

வணக்கம் நேயர்களே.

ஒரு தரவுத்தளம் புதிய பதிவுகளை ஏற்கிறது. மற்றவை அதை நகலெடுத்து வைத்துக்கொள்கின்றன. இந்த ஏற்பாட்டுக்கு மென்பொருள் உலகம் நெடுங்காலம் சொல்லிவந்த பெயர் மாஸ்டர், ஸ்லேவ். அதாவது ஆண்டான், அடிமை. மனிதரை விலைக்கு வாங்கிய கொடுமையின் சொற்கள் இவை. அந்தக் கொடுமைக்கு ஆளானவர்களின் வழித்தோன்றல்களும் இதே கட்டளைகளைத் தட்டச்சு செய்துதான் வேலை பார்க்க வேண்டியிருந்தது. மாற்றத்தான் வேண்டும். ஆனால் பெயர் மாற்றத்தை வெறும் எழுத்து வேலை என்று நினைத்து ஒரே மாலையில் முடிக்கப் பார்ப்பவர்கள் மறுநாள் காலை திணறுகிறார்கள்.

ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் 2018-இல், தன் ஐந்தாம் பதிப்பில் செய்ததைப் பாருங்கள். ‘ரெப்ளிகாஆஃப்’ என்ற புதிய கட்டளையைச் சேர்த்தது; பழைய ‘ஸ்லேவ்ஆஃப்’ கட்டளையையும் இயங்கவிட்டது. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளம் 2020-இல் வந்த 8.0.22 பதிப்பில் ‘ஸ்டார்ட் ரெப்ளிகா’வைக் கொண்டுவந்தது. பழைய ‘ஸ்டார்ட் ஸ்லேவ்’ கட்டளையை அது நீக்கியது 2024-இல் வந்த 8.4 பதிப்பில்தான். இரண்டு பெயர்களும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்தே இருந்தன. இதுதான் சரியான முறை.

இனி கிட், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள். அதில் முதல் கிளைக்கு, அதாவது நிரலின் முக்கியப் பிரதிக்கு, வழக்கமான பெயர் ‘மாஸ்டர்’. 2020 ஜூலையில் வந்த 2.28 பதிப்பு, புதுக் களஞ்சியத்தின், அதாவது நிரல் சேமிப்பிடத்தின், முதல் கிளைக்கு நாமே பெயர் வைக்க வழிசெய்தது. கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைத்திருக்கும் தளமான கிட்ஹப் அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் புதியவற்றுக்கு ‘மெயின்’ என்று வைத்தது. புதியவற்றில் சிக்கல் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் பழைய களஞ்சியத்தில்தான் வரிசை முக்கியம்.

முதலில், ‘மாஸ்டர்’ என்ற சொல் எங்கெல்லாம் இருக்கிறது என்று ‘கிட் கிரெப்’ கட்டளையால் தேடுங்கள். தானியங்கிச் சோதனைக் கோப்பு, நிரலை சர்வரில் ஏற்றும் டிப்ளாய் ஸ்கிரிப்ட், விளக்கக் குறிப்பான ரீட்மி எல்லாவற்றிலும் இருக்கும். சோதனைக் கோப்பில் பழைய பெயரை எடுக்காமல், பக்கத்திலேயே புதிய பெயரையும் சேர்த்துவிடுங்கள். அதன் பிறகே கிட்ஹப் அமைப்புப் பக்கத்தில் கிளையின் பெயரை மாற்றுங்கள். மாற்றங்களைச் சேர்க்கக் கேட்டுத் திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்டுகளையும் கிளைப் பாதுகாப்பு விதிகளையும் அது தானே புதிய பெயருக்கு நகர்த்திவிடும்.

நகராதவைதான் ஆபத்து. கோப்பின் உள்ளடக்கத்தை நேரடியாகத் தரும் ‘ரா’ முகவரிகள் புதிய பெயருக்குத் திருப்பிவிடப்படுவதில்லை. அவற்றிலிருந்து ஸ்கிரிப்டை இறக்கும் சர்வர்கள் நின்றுபோகும். சோதனைக் கோப்பில் பழைய பெயர் மட்டும் இருந்தால் பிழைச்செய்தியே வராது, சோதனை ஓடாமலே இருக்கும். எல்லாம் நலம் என்று நினைத்துச் சோதிக்காத நிரலை வெளியிட்டுவிடுவார்கள். இதை நான் எல்லாவற்றிலும் மோசமான தோல்வி என்பேன்.

குழுவில் ஒவ்வொருவரும் தம் கணினியில் நான்கு கட்டளைகள் இட வேண்டும். உள்ளூர்க் கிளையை ‘கிட் பிராஞ்ச்’, மைனஸ் எம் கொண்டு பெயர்மாற்றுவது, ‘கிட் ஃபெட்ச்’, புதிய கிளையை ஆரிஜின் எனும் தொலைக் களஞ்சியத்தின் மெயினோடு மைனஸ் யூ மூலம் இணைப்பது, கடைசியாக ‘கிட் ரிமோட் செட்-ஹெட்’, ஆரிஜின், மைனஸ் ஏ. இதைச் செய்யாத ஒருவர் பழைய கிளையை புஷ் செய்தால், அதாவது கிட்ஹப்புக்கு அனுப்பினால், ‘மாஸ்டர்’ மறுபடி பிறந்துவிடும். ஆகவே அந்தப் பெயரில் கிளை உருவாக்குவதையே தடுக்கும் விதி ஒன்றைப் போட்டுவையுங்கள்.

எதையும் தொடாமல் விட வேண்டிய இடமும் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் 2020 ஜூலையில் இச்சொற்களைப் புதிதாகச் சேர்க்கக் கூடாது என்று எழுதியபோது, இருக்கும் இடைமுகங்களுக்கும், அச்சொற்களையே கட்டாயமாக்கும் வன்பொருள், நெறிமுறை விவரங்களுக்கும் விலக்கு அளித்தது. அது நியாயம், விவரக்குறிப்பில் ஒரு பெயரும் நிரலில் வேறு பெயரும் இருந்தால் படிப்பவர் குழம்புவார். ஆனால் அந்த விவரக்குறிப்புகளும் மாறிவருகின்றன. சில்லுகள் ஒன்றோடொன்று பேசும் நெறிமுறையான ஐ-ஸ்கொயர்-சி 2021-இல் ‘கன்ட்ரோலர்’, ‘டார்கெட்’ என்று மாற்றிக்கொண்டது. வன்பொருளை இயக்கும் டிரைவர் நிரலைப் புதிதாக எழுதுபவர்கள் அந்தப் பெயர்களிலேயே தொடங்கலாம்.