காணிக்கா, காணிக்கையா?

நேயர்களுக்கு வணக்கம்.

சமயமும் சட்டமும் பற்றிப் பொதுவாகப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். அவ்வளவு அகலமாகப் பேசினால் நீங்கள் வானொலியை அணைத்துவிட்டுச் சோறு போடப் போய்விடுவீர்கள். அதனால் ஒரு கேற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

மட்டக்களப்பு எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு கிராமம். அங்கே ஒரு சின்னக் கிறிஸ்தவ சபை, பக்கத்தில் ஒரு முன்பள்ளி. அதன் இரும்புக் கேற்றில் ஒரு சங்கிலி, சங்கிலியில் இரண்டு பூட்டு. ஒன்று போதகர் போட்டது, மற்றது சபையார் போட்டது. போதகரின் திறப்பு சபையாரின் பூட்டுக்குச் சேராது, சபையாரின் திறப்பு போதகரின் பூட்டுக்குச் சேராது. நாற்பது சொச்சம் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலோடு வந்து நின்றார்கள். ரீச்சர் சற்று நேரம் பார்த்தார். அப்புறம் ரோட்டோரத்துப் பூவரசின் கீழே பாயை விரித்துவிட்டார். நாலு மாதம் அந்த மரத்தடியில்தான் பாட்டும் ஆனா ஆவன்னாவும்.

இந்த வழக்கில் நான் போதகரின் சட்டத்தரணி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒளித்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. ஊர்ப் பெயர், ஆள் பெயர் எதுவும் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும், தெரியாதவர்களுக்கு அது தேவையில்லை.

போதகர் கெட்ட மனிதர் அல்ல. கிடுகுக் கொட்டிலில் பத்துப் பேரோடு ஜெபக்கூட்டம் தொடங்கியவர். சுனாமிக்கு முந்திய வருடம் கூட்டத்துக்குப் பக்கத்துக் காணி விலைக்கு வந்தது. சபையார் மாதாமாதம் சேர்த்துக் கொடுத்தார்கள். போதாமல் நின்ற காசுக்குப் போதகரின் மனைவி தன் நகையை அடகு வைத்தார். அந்தச் சபையில் பெண்கள் நகை போடுவதில்லை. கழற்றிப் பெட்டிக்குள் வைத்த நகை பள்ளிக்கூடக் காணியாக மாறியது. உறுதி போதகரின் பெயரில் எழுதப்பட்டது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வெளிநாட்டுச் சபைகளின் உதவி வந்தது, கட்டடம் எழும்பியது. அந்தக் காசும் போதகரின் வங்கிக் கணக்குக்கே வந்தது.

ஏன் போதகரின் பெயரில் உறுதி எழுதினார்கள் என்று நீதிமன்றத்தில் எல்லோரும் ஏதோ களவைக் கண்டுபிடித்ததுபோலக் கேட்டார்கள். வேறு யார் பெயரில் எழுதுவது? பழைய திருச்சபைகளின் சொத்துக்குச் சட்டத்தால் அமைந்த அமைப்புகள் உண்டு. பள்ளிவாசல்களுக்கு 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டம் உண்டு. ஒரு கிராமத்தின் சின்னச் சுயாதீன சபைக்கு என்ன இருக்கிறது? சட்டத்தின் கண்ணுக்கு அது ஓர் ஆளே அல்ல. ஆளாவதற்கு ஒரு வழி, பாராளுமன்றத்தில் தனிச் சட்டமூலம் கொண்டுவருவது. 2001க்கும் 2003க்கும் இடையில் மூன்று கிறிஸ்தவ அமைப்புகளின் சட்டமூலங்கள் உயர் நீதிமன்றத்தின் முன் போயின. மூன்றும் அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்மானமானது. மூன்றாவது திருச்சிலுவைக் கன்னியர் சபையுடையது. அந்த அருட்சகோதரிகள் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழுவரைக்கும் போனார்கள். 2005இல் அந்தக் குழு அவர்களின் பக்கம் சொன்னது. அது நல்லதுதான். ஆனால் இங்கே காணி வாங்க நொத்தாரிசின் முன் உட்கார்ந்த சபையாருக்கு அன்று மத்தியானம் ஒரு பெயர் தேவைப்பட்டது. நம்பிக்கையான பெயர் போதகருடையதுதான்.

காணி சபையின் காரியத்துக்கே என்று சொல்லும் நம்பிக்கைப் பொறுப்பு உறுதி ஒன்று எழுதியிருக்கலாம், நாலு பேரைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கலாம். சரி, எழுதியிருக்கலாம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அந்த நொத்தாரிசும் சொல்லவில்லை.

எங்கள் பகுதிச் சபை வழக்குகளில் வருவது ஏன் பெரும்பாலும் முன்பள்ளிகளாகவே இருக்கின்றன என்று ஓர் இளம் சட்டத்தரணி என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார், அடுத்த வருடமே இறந்துபோனார். ஒன்பது மாதம்கூட அவர் இங்கே இருக்கவில்லை. அவர் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றைக்கும் நடக்கிறது, ஆனால் இப்போது அது அரசாங்கத் தேசிய பாடசாலை. புனித மிக்கேல் கல்லூரியும் அப்படியே. 1960, 1961 சட்டங்களோடு அரச உதவி பெற்ற பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் இன்னொன்றும் செய்தது. ஐந்து வயதிலிருந்து பதினான்கு வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பள்ளிக்கூடம் திறக்க முடியாது என்று கதவைச் சாத்தியது. பட்டணங்களில் சர்வதேசப் பாடசாலை என்ற பெயரில் கம்பனிச் சட்டத்தின் வழியாக வருகிறார்களே, அது அந்தக் கதவைச் சுற்றிப் போகிற ஒழுங்கை. கிராமத்துச் சபைக்கு மிச்சம் இருப்பது ஐந்து வயதுக்குக் கீழே. அதனால்தான் முன்பள்ளி.

சண்டை தொடங்கியது கணக்கில். போதகர் தன் மருமகளைப் பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பாக்கினார். மூப்பர்கள் கணக்குக் கேட்டார்கள். போதகர், "நான் கட்டினதுக்கு நான் கணக்குக் காட்டவா?" என்றார். மூப்பர்கள் கூட்டம் போட்டு அவரை நீக்கியதாகக் கடிதம் கொடுத்தார்கள். அவர் பூட்டுப் போட்டார், அவர்களும் போட்டார்கள்.

பொலிஸார் வந்தார்கள். காணிச் சண்டையில் சமாதானம் குலையும் என்று கண்டால் அவர்கள் போடுவது 66 வழக்கு. 1979ஆம் ஆண்டின் முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. ஊரில் சைக்கிள் கடைக்காரருக்கும் அந்த எண் தெரியும், ஆனால் அது என்ன செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. காணி யாருடையது என்று நீதவான் அங்கே தீர்ப்பதில்லை. வழக்குப் போட்ட நாளில் யார் ஆட்சியில் இருந்தார், அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாரையாவது வெளியே தள்ளினார்களா, அவ்வளவுதான் பார்ப்பார். போதகர் பள்ளிக்கூடத்தின் பின்னறையில் குடியிருந்தவர். அந்தச் சுற்றில் நாங்கள் வென்றோம். போதகரின் வீட்டில் எனக்குப் புட்டும் மீன் சொதியும் தந்தார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் சபையார் உடனே மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவார்கள் என்று தெரிந்துகொண்டுதான் சாப்பிட்டேன்.

போனார்கள். சபை ஓர் ஆள் இல்லை என்றால் வழக்காளி யார்? நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் அதற்கு இடம் விட்டிருக்கிறது. தர்மப் பொறுப்பு ஒன்றில் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்து வழக்கு வைக்கலாம். கல்வி தர்மக் காரியம்தான். இரண்டு மூப்பர், ஒரு மீன் வியாபாரி, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், ஒரு கிழவி. தடைக் கட்டளை எடுத்தார்கள். அது ஒரு தடவைக்குப் பதினான்கு நாள். பதினான்கு நாளுக்கு ஒரு தரம் எல்லோரும் நீதிமன்ற வாங்கில் வந்து உட்காருவார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல்.

சபையார் பக்கம் நூற்றுக்கு மேல் ஆட்கள். பெரும்பான்மை எங்களோடு, அப்போ வழக்கும் எங்களோடு என்று நினைத்தார்கள். சொத்து வழக்கு கை உயர்த்தி எண்ணுகிற காரியம் அல்ல. ஸ்கொட்லாந்தின் கதை ஒன்று இருக்கிறது. 1900இல் அங்கே சுயாதீனத் திருச்சபையின் மிகப் பெரும்பாலானோர் இன்னொரு திருச்சபையோடு இணைந்தார்கள். மலைநாட்டுப் பக்கம் ஒரு சின்னக் கூட்டம் மாட்டோம் என்று நின்றது. வழக்கு லண்டனில் பிரபுக்கள் சபைவரை போனது. 1904இல் தீர்ப்பு: கோயில்கள், கல்லூரிக் கட்டடம், நிதி எல்லாம் அந்தச் சின்னக் கூட்டத்துக்கு. பணம் எந்தக் கொள்கைக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்தக் கொள்கையை விடாமல் வைத்திருப்பவர்கள் அவர்களே என்றார்கள். அத்தனை கோயிலையும் நடத்த அவர்களிடம் ஆள் இல்லை. கடைசியில் 1905இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, ஆணைக்குழு வைத்துப் பங்கு பிரிக்க வேண்டியதாயிற்று. எத்தனை பேர் என்பதற்கு முன் நீதிமன்றம் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தக் காசு எதற்காகக் கொடுக்கப்பட்டது?

எங்கள் வழக்கும் அந்தக் கேள்விக்குத்தான் வந்து நின்றது. போதகருக்காக நான் இரண்டு வாதம் வைத்தேன். பத்து வருடத்துக்கு மேல் தடையில்லாமல் ஆண்டு வந்தார் என்பது ஒன்று. அது பலவீனம் என்று எனக்கே தெரியும். பிறருக்காகக் காணிக்குள் காலடி வைத்தவர், பின்பு வெளிப்படையாக மாறி நிற்காமல், இத்தனை வருடமாயிற்று என்று மட்டும் சொல்லி உரிமையாளராக முடியாது. என் நம்பிக்கை மற்றதில். ஒருவர் காசு கொடுத்து, உறுதி இன்னொருவர் பெயரில் எழுதப்பட்டால், பெயருக்குரியவர் காசு கொடுத்தவருக்காகவே அதை வைத்திருக்கிறார் என்கிறது அதே கட்டளைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு. அதில் ஒரு விலக்கும் உண்டு. பெயருக்குரியவரின் நன்மைக்கென்றே கொடுத்திருந்தால் அது அவருடையது. ஆக, சபையார் கொடுத்தது காணி வாங்கவா, ஊழியக்காரருக்குக் காணிக்கையாகவா?

கிழவி ஒரு மலிபன் பிஸ்கட் டின்னோடு சாட்சிக் கூண்டில் ஏறினார். சுனாமி அள்ளிக்கொண்டு போய்த் தாழம்பற்றைக்குள் விட்ட டின். உள்ளே ஏழு பற்றுச்சீட்டு, போதகரின் கையெழுத்தோடு. ஆறு வெறும் நீலக் கறை. ஏழாவதில் தொகை தெரிந்தது, திகதி தெரிந்தது, பிறகு "பள்ளிக் காணிக்" வரைக்கும் தெரிந்தது. அதற்கு அடுத்த எழுத்தில் மை பரவிவிட்டது. காணிக்கு என்றால் நான் தோற்றேன். காணிக்கை என்றால் வென்றேன். அந்த இடத்தில் ஒரு கொம்பு இருந்ததா இல்லையா என்று நீதிபதி உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். நாங்கள் இரண்டு சட்டத்தரணிகளும் எட்டிப் பார்த்தோம். எனக்குக் கொம்பு தெரிந்தது. எதிர்ப்பக்கச் சட்டத்தரணிக்குத் தெரியவில்லை. அவரவர் கட்சிக்கேற்ற கண்.

எழுந்து குறுக்கு விசாரணை செய்தேன். "அம்மா, நீங்கள் ஐயாவுக்குக் காணிக்கைதானே கொடுத்தீங்க?"

கிழவி என்னைச் சற்று நேரம் பார்த்தார். "காணிக்கை எண்டா பையில போடுவம், மனே. பையில போட்டதுக்கு ஆரு சீட்டுத் தாற?"

மேலே கேட்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தேழு வருடத் தொழிலில் அவ்வளவு சுருக்கமாக என்னை யாரும் உட்கார வைத்ததில்லை. திரும்பிப் பார்த்தேன். போதகர் தலை குனிந்திருந்தார். அந்தச் சீட்டை எழுதிய கை அவருடையதல்லவா? கொம்பு போட்டாரா இல்லையா என்பது அவருக்கு நினைவிருந்திருக்கும். நான் அதை அவரிடம் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த தவணைக்கு முன் அவரே என் வீட்டுக்கு வந்தார். "முடிப்பம் சேர்" என்றார். நீதிமன்றத்தில் இணக்கம் எழுதினோம். காணி ஐந்து பொறுப்பாளரின் பெயருக்கு, பள்ளிக்கூடத்துக்கென்று எழுதிய நம்பிக்கைப் பொறுப்பு உறுதியால் மாற்றப்படும். ஐவரில் ஒருவர் போதகர். மனைவியின் அடகு நகைக் காசு தவணை தவணையாக அவருக்குத் திரும்பும். இந்த நகை விடயத்தை எழுதச் சொன்னது யார் தெரியுமா? அந்தக் கிழவி. பின்னறையைக் காலி செய்ய ஆறு மாதம்.

ஒரு விடயத்தில் மட்டும் இணக்கம் வர நேரமெடுத்தது. ரீச்சரின் நாலு மாதச் சம்பளம். பள்ளிக்கூடம் என்னுடையது என்று மாதக்கணக்காக வாதாடிய இரண்டு பக்கமும், இந்த இடத்தில் ரீச்சர் எங்கள் ஊழியர் அல்ல என்றார்கள். சேமலாப நிதிக்கு ஒரு சதம்கூட யாரும் கட்டியிருக்கவில்லை. அவர் தொழில் நியாய சபைக்குப் போயிருந்தால் இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். அவர் போகவில்லை. "பிள்ளைகளைப் பார்க்கிறதா, கோட்டுக்கு ஏறுறதா?" என்றாராம். ஒருவழியாகப் பாதிப் பாதி என்று முடிந்தது.

கேற்றைத் திறக்கப் போன அன்று நானும் போனேன். போதகரின் திறப்பு எங்கேயோ தொலைந்துவிட்டது. அரம் கொண்டுவந்து அறுத்தார்கள். உள்ளே கதிரைகளில் எலிப் புழுக்கை, கரும்பலகையில் நாலு மாதத்துக்கு முந்திய திகதி. ரீச்சர் அலுமாரியைத் திறந்து வரவு இடாப்பை எடுத்தார். பூட்டியிருந்த காலத்து வரவையெல்லாம் நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்தார். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக இடாப்பில் ஏற்றினார். வந்த நாளுக்கு ஒரு கோடு, வராத நாளுக்கு ஒரு சுழி. மாதக் கடைசியில் பொறுப்பாளர் கையெழுத்து என்று ஒரு கட்டம் உண்டு. நாலு மாதத்துக்கும் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, யாருடைய கையெழுத்து வாங்குவது சேர் என்று என்னிடம் கேட்டார். பொறுப்பு உறுதி இன்னும் பதிவாகவில்லை. கொஞ்சம் பொறுங்கள் ரீச்சர் என்றேன்.