அவன் வாங்கி வந்த தக்காளி

பையன்களை வளர்க்கிற பெற்றோருக்கும் தாத்தா பாட்டிமாருக்கும் வணக்கம்.

"எம் பையன் சிங்கம்ங்க" என்று நாலு பேரிடம் சொன்னால் அவனுக்குத் தன்மதிப்பு வந்துவிடும் என்று நினைக்கிறோம். வராது. 1998-ல் கிளாடியா மியூல்லர், கரோல் டுவெக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். "நீ புத்திசாலி" என்று பாராட்டு வாங்கியவர்கள் அடுத்து சுலபமான புதிர்களையே தேடினார்கள். கடினமானதில் தோற்றதும் துவண்டார்கள். முயற்சிக்காகப் பாராட்டு வாங்கியவர்கள் கஷ்டமானதைக் கேட்டு வாங்கினார்கள்.

என்னை நம்பி இந்த வீட்டில் ஒரு வேலை இருக்கிறது என்று பையனுக்குத் தெரிய வேண்டும். 10, 11 வயதில் உழவர் சந்தையை அவன் பொறுப்பில் விடுங்கள். நம்ம சேலத்தில் அஸ்தம்பட்டியோ சூரமங்கலமோ, எது பக்கமோ அது. முதல் வாரம் நீங்கள் வாங்குங்கள், அவன் பார்க்கட்டும். இரண்டாம் வாரம் அவன் வாங்கட்டும். நீங்கள் பத்தடி தள்ளி, வாய் திறக்காமல் நில்லுங்கள். மூன்றாம் வாரம் 200 ரூபாயையும் பையையும் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொள்ளுங்கள். தக்காளி 1 கிலோ, கத்திரிக்காய் அரை கிலோ, கொத்தமல்லி ஒரு கட்டு. ஆரம்பத்தில் மூன்று பொருளுக்கு மேல் வேண்டாம்.

காரியம் கெடுவது வீட்டுக்கு வந்த பிறகுதான். பையைக் கவிழ்த்து, அழுகல் நாலைப் பொறுக்கி, சித்தப்பா முன்னால் "இதுகூடப் பார்த்து வாங்கத் தெரியல" என்போம். அடுத்த வாரம் போகமாட்டேன் என்பான். அது சோம்பேறித்தனம் அல்ல, அவமானம். அழுகலை ஓரம் வைத்துவிட்டு மிச்சத்தில் ரசம் வையுங்கள். சாப்பிட்ட பிறகு தனியாக, "காம்புப் பக்கம் திருப்பிப் பார்த்தியா கண்ணு?" என்று கேளுங்கள். சில்லறை சரியாக இருந்தால், "ஒரு ரூபா குறையாமக் கொண்டாந்திருக்க" என்று அதை மட்டும் சொல்லுங்கள். சமையலும் பாத்திரமும் பொம்பளை வேலை என்று பாட்டி தடுத்தால் பாட்டியிடம் பேசுங்கள். தன் தட்டைக் கழுவத் தெரியாதவன் விடுதியில் கூசிப் போவான்.

அடுத்து உடம்பு. பெண்பிள்ளைகள் இரண்டு வருடம் முந்தி வளர்ந்துவிடுவார்கள். பையன்கள் பெரும்பாலும் 13, 14 வயதில்தான் மளமளவென்று உயர்வார்கள். சிலர் அதற்கும் பிந்தி. எட்டாம் வகுப்பில் "குள்ளா" என்ற பட்டப்பெயர் விழுந்தால், வீட்டிலும் அதையே சொல்லிச் சிரிக்காதீர்கள். குரல் உடையும்போது அவன் பேசுவதைப் போல நடித்துக் காட்டாதீர்கள். இன்னொன்றை யாரும் பேசுவதில்லை: இந்த வயதில் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மார்பு லேசாகத் தடித்து வலிக்கும். ஹார்மோன் மாற்றம்தான். ஓரிரு வருடத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். இது தெரியாமல் சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டு, நீச்சலையும் கபடியையும் விடுகிற பையன்கள் எத்தனையோ பேர். அப்பாவோ மாமாவோ முன்கூட்டியே சொல்லிவிடலாம். பெரிதாகிக்கொண்டே போனால் டாக்டரிடம் காட்டுங்கள்.

நேருக்கு நேர் உட்கார வைத்து "என்னடா பிரச்சனை?" என்றால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். பக்கத்தில் உட்கார்ந்தால் பேசுவான். ஏற்காடு பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அவனுக்குக் கொடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் ஏதாவது வரும். வந்தால் உடனே தீர்ப்புச் சொல்லாமல், "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். அழுதால் அழட்டும், "ஆம்பளப் பிள்ளை அழுவானா?" என்று அடக்காதீர்கள்.

இரண்டு வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, விளையாட்டிலும் மனம் போகாவிட்டால் மனநல டாக்டரைப் பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தப் பிரிவு உண்டு. "நான் இருந்து என்ன?" என்று சொன்னால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இரவும் பகலும் தமிழில் பேசலாம். பையன் தயங்கினால் முதலில் நீங்களே கூப்பிட்டுக் கேட்கலாம்.