இந்த ஐந்நூறை ஆரு எண்ணினது? பல்கலைக்கழகத் தரவரிசை செய்யப்படும் விதம்

[காட்சி: காலை நேரம், மட்டக்களப்பு, கல்லடிப் பாலம், வாவி]

ஏ.எல்., அதாவது உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கிழமை. எங்கள் வீட்டுக்கு வந்த பெரியம்மாவின் கையில் ஒரு துண்டுப்பிரசுரம் இருந்தது. பேரனுக்கு வெளிநாட்டில் ஒரு கம்பஸில் இடம் எடுத்துத் தருவதாக முகவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். தாளின் மேலே பெரிய எழுத்தில், "உலகத் தரவரிசையில் முதல் 500க்குள்". பெரியம்மா அதைக் காட்டி ஒரு கேள்விதான் கேட்டார்: "மனே, இந்த ஐந்நூறை ஆரு எண்ணினது?"

இதைவிடச் சரியான கேள்வி இந்த விஷயத்தில் கிடையாது. இந்த வீடியோ அதற்கான பதில்.

தொடங்கும் முன் ஒரு சொல். நான் "தரவரிசை" என்றே சொல்லப்போகிறேன். "தரப்படுத்தல்" என்றால் எங்கள் பெற்றோருக்கு, தமிழ் மாணவரிடம் கூடுதல் புள்ளி கேட்ட 1970களின் பல்கலைக்கழக அனுமதிதான் நினைவுக்கு வரும். அந்த வலி வேறு, இந்தப் பட்டியல் வேறு.

சரி, எண்ணுபவர்கள் யார்? பலர் இருக்கிறார்கள். அதிகம் பேசப்படுவது மூன்று பட்டியல்கள். ஷாங்காய் ஜியாவோ டாங் பல்கலைக்கழகம் 2003 இல் தொடங்கியது ஒன்று. கியூ.எஸ்., டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் என்ற பிரித்தானிய நிறுவனங்கள் இரண்டும் 2004 இல் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டன, சில வருடங்களில் பிரிந்து தனித்தனியாகப் போடத் தொடங்கின. துண்டுப்பிரசுரங்களில் நீங்கள் அடிக்கடி பார்ப்பது கியூ.எஸ். என்பதால் அதையே பிரித்துப் பார்ப்போம்.

[திரையில்: நூறு சிறு சதுரங்கள். 45 மட்டும் நிறம் மாறுகின்றன]

மொத்தம் 100 புள்ளி. அதில் 30, மற்றப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு. 15, வேலை கொடுப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு. இரண்டையும் கூட்டினால் 45. கிட்டத்தட்டப் பாதி, அபிப்பிராயம்! ஆய்வுக் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதற்கு 20. ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்பதற்கு வெறும் 10. வெளிநாட்டு ஆசிரியர், வெளிநாட்டு மாணவர் போன்ற மற்றவைக்கு ஐந்தைந்தாக மிச்சம்.

அபிப்பிராயத்தை எப்படி எடுக்கிறார்கள்? ஆய்வாளருக்குக் கேள்விக்கொத்து போகும். உங்கள் துறையில் சிறந்தவை என்று நினைப்பவற்றை எழுதுங்கள்: உள்நாட்டில் பத்து வரை, வெளிநாட்டில் முப்பது வரை. யோசித்துப் பாருங்கள், முப்பது பல்கலைக்கழகங்களின் விரிவுரை மண்டபத்தில் இருந்து பார்த்தவர் எவர்? கேள்விப்பட்ட பெயரைத்தான் எழுதுவார். அந்தப் பெயர் அவர் காதுக்கு எப்படி வந்தது? படித்த கட்டுரைகளால், கூட வேலை செய்பவர்களால், போன வருடப் பட்டியலாலும்தான்.

எங்கள் ஊர்த் தயிரை எடுங்கள். வெளியூரிலிருந்து வருபவர் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம், நல்ல தயிர் எந்தக் கடையில் என்று கேட்கிறார். சனம் நிற்கும் கடையைக் காட்டுவார்கள். காட்டியதால் இவரும் போய் அங்கே நிற்பார். அந்தக் கடைத் தயிர் உண்மையிலேயே நல்லதாக இருக்கலாம். ஆனால் உள்ளே ஒழுங்கையில் அதே பாலில் உறை போடும் வீட்டை ஒருவரும் சொல்லப்போவதில்லை.

ஷாங்காய்ப் பட்டியல் அபிப்பிராயம் கேட்பதே இல்லை. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அது எண்ணுவது எதை? 100 இல் 30 புள்ளி நோபல் பரிசுக்கும் கணிதத்துக்கான பீல்ட்ஸ் பதக்கத்துக்கும். பழைய மாணவர் வென்றால் 10, அங்கே வேலை செய்பவர் வென்றால் 20. 2003 இலிருந்து ஹார்வர்ட்தான் முதலிடம். முதலாம் வருடப் பிள்ளைக்கு அங்கே எப்படிப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கிற்குள் இல்லை.

இனி, பட்டியலுக்குப் பல்கலைக்கழகம் தானே கொடுக்கும் தகவல். இங்கேதான் நடந்த கதை ஒன்று இருக்கிறது, கொஞ்சம் நின்று கேளுங்கள்.

அமெரிக்காவில் யூ.எஸ். நியூஸ் என்ற சஞ்சிகை 1983 இல் தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தத் தொடங்கியது. நியூயோர்க்கில் உள்ள கொலம்பியா 1988 இல் 18 ஆம் இடம். பிறகு ஏறி ஏறி இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. 2022 பெப்ரவரியில் அங்கேயே கணிதம் கற்பிக்கும் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், தன் பல்கலைக்கழகம் கொடுத்த எண்களைத் தானே சரிபார்த்தார். இருபதுக்குக் குறைவான மாணவர் உள்ள வகுப்புகள் 82.5 சதவீதம் என்று கொடுத்திருந்தார்கள். அவர் வகுப்பு வகுப்பாக எண்ணினார். அது பொருந்தவில்லை. பிறகு பல்கலைக்கழகமே திருத்தி வெளியிட்ட எண் 57 சதவீதம். அந்த வருடம் செப்டெம்பரில் வந்த பட்டியலில் கொலம்பியா மறுபடியும் 18.

ஒரு வருடத்தில் இரண்டிலிருந்து பதினெட்டு. அந்த ஒரு வருடத்தில் நூலகம் எரிந்ததா, ஆசிரியர்கள் ஓடிவிட்டார்களா? எல்லாம் அப்படியே இருந்தது. மாறியது தாளில் இருந்த எண். சொந்த நிறுவனத்தையே எண்ணிப் பார்த்த அந்தக் கணித ஆசிரியரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

பட்டியலை விட்டு விலகியவர்களும் உண்டு. அமெரிக்காவின் ரீட் கல்லூரி 1995 இலேயே தகவல் கொடுப்பதை நிறுத்தியது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2023 இல் டைம்ஸ் பட்டியலிலிருந்து வெளியேறியது. இன்னொன்று, "ஐவி லீக்" என்று பயபக்தியோடு சொல்கிறோமே, அது எட்டுப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டமைப்பு. எம்.ஐ.டி.யும் ஸ்டான்ஃபோர்டும் அதில் இல்லை.

[காட்சி: வந்தாறுமூலை, கிழக்குப் பல்கலைக்கழக வாசல்]

இப்போது ஊருக்கு வருவோம். எங்களிடமும் ஒரு மதிப்பு வரிசை இருக்கிறது. அதன் பெயர் வெட்டுப்புள்ளி. கொழும்பு மெடிசினுக்கு இவ்வளவு இசட் ஸ்கோர் (ஏ.எல். புள்ளிகளிலிருந்து கணக்கிடும் மதிப்பெண்), கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு இவ்வளவு, ஆகவே கொழும்பு உயர்ந்தது, கிழக்கு தாழ்ந்தது. கலியாண வீட்டில்கூட இப்படித்தான் பேசுகிறோம்.

வெட்டுப்புள்ளி என்றால் என்ன? ஒரு பாடநெறிக்கு உங்கள் மாவட்டத்திலிருந்து கடைசியாக எடுபட்ட பிள்ளையின் இசட் ஸ்கோர். அவ்வளவுதான். எத்தனை இடம் இருந்தது, எத்தனை பேர் அதை முதல் தெரிவாகப் போட்டார்கள் என்பதை வைத்து அது ஏறும், இறங்கும். விண்ணப்பத்தில் யூனிகோட், அதாவது எந்தப் பாடநெறி எந்தப் பல்கலைக்கழகம் என்ற தெரிவுகளை, நிரப்பும்போது எல்லோரும் போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்தே ஒழுங்குபடுத்துகிறோம். அதனால் உயர்ந்தது இந்த வருடமும் உயர்கிறது. தயிர்க்கடைக் கதையேதான். ஆனால் அரச பல்கலைக்கழகம் எதில் எம்.பி.பி.எஸ். முடித்தாலும் பதிவு அதே இலங்கை மருத்துவ சபையில்தான்.

வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. இன்று ஒலுவிலில் இருப்பது 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த வருடமே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. போர்க்காலத்தில் வளர்ந்தவை இவை. 1636 இல் தொடங்கிய ஹார்வர்டோடு ஒரே கோலால் அளந்தால் என்ன தெரியும்? கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. வடமோடி, தென்மோடிக் கூத்து இந்த மண்ணின் கலை, அதைப் பல்கலைக்கழகத்துக்குள் ஆராய்கிறார்கள், ஆடுகிறார்கள். அதற்கு எந்தப் பட்டியலில் எத்தனை புள்ளி? கியூ.எஸ். மேற்கோள்களை எண்ணுவது ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தில். அதில் பெரும்பகுதி ஆங்கில இதழ்கள். தமிழில் நீங்கள் எழுதும் நல்ல ஆய்வு அந்தத் தராசில் ஏறுவதே அரிது.

அந்த நிறுவகத்தின் பெயருக்குரியவர் காரைதீவில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவர்தான்.

அப்படியானால் பெரிய பெயர்கள் வெறும் பெயர்களா? இல்லை. ஒரு இடத்தில் அவை உண்மையாகவே உதவும், இதை ஏழை வீட்டுப் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. நான்கும் வெளிநாட்டு மாணவரைத் தெரிவு செய்யும்போது குடும்பத்தால் பணம் கட்ட முடியுமா என்று பார்ப்பதில்லை. எடுபட்டால், கட்ட முடியாத தொகையை அவர்களே கொடுக்கிறார்கள். நூறு பேர் விண்ணப்பித்தால் ஐந்து பேருக்கும் இடம் கிடைக்காத அளவு போட்டி. ஆனாலும் கிடைத்துவிட்டால், காணி ஈடு வைத்துப் போகும் பெயர் தெரியாத தனியார் கம்பஸைவிட அது மலிவு.

பெரியம்மாவுக்கு நான் பிறகு போன் எடுத்துச் சொன்னது இதுதான். முகவரிடம் கேளுங்கள்: இது எந்தப் பட்டியல், எந்த வருடம்? முழுப் பல்கலைக்கழகத்துக்கா, பேரன் படிக்கப்போகும் பாடத்துக்கா? அந்தப் பட்டத்தை இங்கே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? மெடிசின் என்றால், திரும்பி வந்து மருத்துவ சபையின் ஈ.ஆர்.பி.எம். பரீட்சை எழுத வேண்டுமே, அதற்கு முன் அந்தக் கம்பஸைச் சபை அங்கீகரித்திருக்கிறதா? பதிலை வாயால் வாங்காதீர்கள், சபைக்கே எழுதிக் கேளுங்கள். அதுவரை காணி உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும்.